வயோலா டேவிஸுக்குத் தலைவாரிவிடும் அந்த அம்மா யார்?

கேள்வி இதுதான்: ‘ஹவ் டு கெட் அவே வித் மர்டர்’ தொடரில் நாயகியாக வரும் வயோலா டேவிஸின் அம்மா ஒஃபீலியாவாக எப்போதாவது வந்துபோகும் வயதான நடிகை யார்? அவர் திரையில் தோன்றினாலே அமெரிக்க ரசிகர்கள் ஏன் அப்படி உருகுகிறார்கள்? முன்னோடி என்கிறார்களே, எதில் முன்னோடி? அவர் நடித்ததில் எதைப் பார்க்கலாம்?

பெயர் சிசிலி டைசன். 1924 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கில் பிறந்தவர், 2021 ஜனவரி 28 அன்று தமது 96ஆவது வயதில் காலமானார். நடிக்க வந்ததே முப்பது வயதை ஒட்டித்தான். அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் நடித்தார். மூன்று எம்மி (தொலைக்காட்சி விருது), ஒரு டோனி (நாடக விருது), ஒரு கௌரவ ஆஸ்கர் வாங்கியவர். 2016இல் ஒபாமா கையால் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதும் கிடைத்தது. ஆனால் என்னைக் கேட்டால், இவரைத் தெரிந்துகொள்ள விருதுப் பட்டியலை விட்டுவிட்டு அவருடைய தலைமுடியிலிருந்து தொடங்கலாம்.

ஐம்பதுகளின் கடைசியில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஞாயிறு காலை நேரடி ஒளிபரப்பாகப் போன ஒரு நாடகத்தில் டைசனுக்கு ஆப்பிரிக்கப் பெண் வேடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்கள், அதிலும் மேடைக்கோ கேமரா முன்னாலோ வருகிறவர்கள், முடியை அதன் போக்கில் விட்டுக்கொண்டு வெளியே வர மாட்டார்கள். இரும்புச் சீப்பை அடுப்பில் காட்டிச் சூடேற்றி, எண்ணெய் தடவிய சுருளை இழுத்து இழுத்து நேராக்குவார்கள். சீப்பு நழுவினால் காதோரம் பொசுங்கும். அப்படி நேராக்கிய முடிக்குத்தான் ‘நல்ல முடி’ என்று பெயர். ஒத்திகை எல்லாம் முடிந்த பிறகு டைசனுக்கு ஓர் உறுத்தல்: நான் நடிக்கும் இந்தப் பெண் தலையை இப்படியா வைத்திருப்பாள்? ஒளிபரப்புக்கு முந்தைய நாள் நியூயார்க்கில் கறுப்பினத்தவர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் முடிவெட்டும் கடைக்குப் போய் ஒட்ட வெட்டச் சொன்னார். வெட்டியது போதாதென்று, அலசி இயல்பான சுருளுக்கே கொண்டுவரச் சொன்னார். மறுநாள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். துணியை அவிழ்த்ததும் இயக்குநர் பார்த்துவிட்டு, நானே கேட்க நினைத்தேன், கேட்கத் தைரியம் வரவில்லை என்றாராம். டைசன் பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது.

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் ஒரு நாள் கூத்து. 1963இல் அதே சிபிஎஸ்ஸில் ‘ஈஸ்ட் சைட் வெஸ்ட் சைட்’ என்ற தொடர் வந்தது. நியூயார்க்கின் சேரிகளில் வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளராக ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்தார். அந்த அலுவலகத்தில் செயலாளராக ஜேன் ஃபாஸ்டர் என்ற பாத்திரம் டைசனுக்கு. வசனம் அதிகம் கிடையாது. தட்டச்சு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், ஃபைல் எடுத்துக் கொடுப்பார், போன் எடுப்பார். ஆனால் அதே ஒட்ட வெட்டிய சுருள்முடியோடு வாராவாரம் வந்தார். நாடகத் தொடர் ஒன்றில் நிலையான பாத்திரம் பெற்ற முதல் கறுப்பின நடிகை என்று பொதுவாக இவரைத்தான் சொல்கிறார்கள்.

கடிதங்கள் குவிந்தன. பெருமைப்பட்டு எழுதியவர்கள் உண்டு. இப்படியா வந்து எங்கள் மானத்தை வாங்குவது என்று கறுப்பினத்தவர்களே திட்டி எழுதியதும் உண்டு. முடியை நேராக்கிக் கொடுத்துப் பிழைக்கும் அழகு நிலையக்காரர்கள், உங்களைப் பார்த்து எங்கள் வாடிக்கையாளர்களும் முடியை வெட்டிக்கொள்கிறார்கள், பிழைப்பு போகிறது என்று புகார் எழுதினார்கள். சுருள்முடியை நேராக்காமல் அப்படியே விடும் ‘ஆஃப்ரோ’ ஓர் அரசியல் அடையாளமாகத் தெருவுக்கு வருவதற்குச் சில வருஷம் முன்னாலேயே நடந்தது இது. தொடர் 26 எபிசோடில் நின்றுபோனது. ஹார்லெம் குடியிருப்பில் ஒரு குழந்தையை எலி கடிப்பதைப் பற்றிய எபிசோடைத் தென் மாநிலங்களின் சில நிலையங்கள் ஒளிபரப்பவே மறுத்துவிட்டன.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் வரும். முன்னோடி என்றால் ஹாட்டி மெக்டானியல் இல்லையா? 1940இலேயே ஆஸ்கர் வாங்கிவிட்டாரே? டயான் கேரல் 1968இல் ‘ஜூலியா’வில் நர்ஸாக, தொடரின் கதாநாயகியாகவே வந்தாரே? நியாயமான கேள்விதான். மெக்டானியல் அந்த ஆஸ்கரை வாங்கிய இரவில், தம் படத்தின் மற்ற நட்சத்திரங்களோடு உட்கார முடியாமல் சுவரோரம் தனி மேஜையில் உட்கார்ந்திருந்தார். வாங்கியது வேலைக்காரி வேடத்துக்கு. அதற்கப்புறம் கிடைத்ததும் பெரும்பாலும் வேலைக்காரி வேடங்களே. அவர் கதவைத் திறந்தவர், சந்தேகமில்லை. கேரல் அழகும் நாகரிகமுமாக அந்தக் கதவு வழியே நடந்து வந்தவர். டைசன் செய்தது வேறு வேலை. வயலில் வேலை செய்கிறவள், கிழவி, கறுத்த முகம், சுருண்ட முடி என்று கேமரா ஓரங்கட்டி வைத்திருந்ததையெல்லாம் கதையின் நடுவே கொண்டுவந்து உட்காரவைத்தார். அதற்காக வருஷக்கணக்கில் வேலையில்லாமலும் இருந்தார்.

பிறந்த வீட்டைப் பார்த்தால் இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று புரியும். அப்பாவும் அம்மாவும் கரீபியக் கடலில் உள்ள நெவிஸ் என்ற சின்னத் தீவிலிருந்து வந்தவர்கள். அப்பா தச்சு வேலை, பெயின்ட் வேலை. அம்மா வீட்டு வேலை செய்தவர். மூன்று பிள்ளைகளில் சிசிலி கடைசி. பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவிடம் வளர்ந்தார். அம்மாவுக்குத் தேவாலயம்தான் உலகம். வீட்டில் சினிமா கூடாது, ஆண் நண்பர்கள் கூடாது. பெண் தேவாலயத்தில் பாடினாள், பியானோவும் ஆர்கனும் வாசித்தாள். சிறுமியாகத் தெருவில் நின்று கடைப்பைகள் விற்றுக் குடும்பத்துக்குக் காசு சேர்த்தாள். பதினேழு வயதில் கர்ப்பம், பதினெட்டு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளில் பிரிவு. இதைக் கடைசிவரை வெளியே அதிகம் பேசாமல் வைத்திருந்து, 2021இல் வந்த தன்வரலாற்றில்தான் எழுதினார். மகளின் பெயரை அதிலும் மாற்றித்தான் எழுதினார்.

படிப்பு முடிந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்தில் தட்டச்சு வேலை. ஒருநாள் மேஜையிலிருந்து எழுந்து, காலம் முழுக்க இந்த மெஷினைத் தட்டிக்கொண்டிருக்கவா கடவுள் என்னைப் படைத்தார் என்று கேட்டுவிட்டு வெளியேறியதாகச் சொல்வார். முதலில் மாடலிங். அப்புறம் சின்னச் சின்ன வேடங்கள். நடிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தில், பேர்பெற்ற ஆசிரியர் ஒருவர் முதல் நாளே அவரிடம் பாலியல் அத்துமீறலில் இறங்கினார் என்று தன்வரலாற்றில் இருக்கிறது. அடுத்த நாள் அதே வகுப்புக்குத் திரும்பிப் போனார். நான் படிக்க வந்தவள், நான் ஏன் ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு.

நடிக்கப் போகிறேன் என்றதும் அம்மா வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார். நாடகமும் சினிமாவும் பாவக்குழி. பேச்சுவார்த்தை நின்றுபோனது. பிறகு மகளை மேடையில் பார்த்த பிறகுதான் அம்மா மனம் மாறினார்.

1961இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜான் ஜெனேயின் ‘தி பிளாக்ஸ்’ நாடகம் நியூயார்க்கில் ஒரு சின்ன அரங்கில் மேடையேறியது. நடிகர் பட்டியலைப் பாருங்கள்: ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மாயா ஆஞ்சலூ, லூயிஸ் காஸெட் ஜூனியர், ராஸ்கோ லீ பிரௌன், சிசிலி டைசன். அடுத்த முப்பது வருஷத்தின் கறுப்பின நடிப்புலகமே ஒரே மேடையில். 1,408 காட்சிகள் ஓடியது. ஜார்ஜ் சி. ஸ்காட்டோடு நடித்த தொடர் இதற்கப்புறம் வந்ததுதான். அறுபதுகளின் நடுவிலும் கடைசியிலும் சில படங்கள் வந்தன. ‘தி ஹார்ட் இஸ் எ லோன்லி ஹன்டர்’ அவற்றில் பார்க்கத் தகுந்தது.

அப்புறம் ஓர் இடைவெளி. 1968க்கும் 1972க்கும் நடுவே தொலைக்காட்சியில் விருந்தினர் வேடங்கள் தவிர, பெரிதாக எதுவும் இல்லை. வாய்ப்பு வராமல் இல்லை. கறுப்பினத்தவர்களை வைத்துத் துப்பாக்கி, போதைப்பொருள், விபசாரம் என்று மலிவாக எடுத்து நன்றாகக் காசு பார்த்த படங்களின் காலம் அப்போதுதான் தொடங்கியது. அந்த வேடங்களை டைசன் தொடவில்லை. மற்ற நடிகர்களையும் தொடாதீர்கள் என்றார். அவரைவிடக் குறைந்த வசதியுள்ள நடிகர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலைத் தந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வாடகை கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொள்கை பேசுவது சுலபமில்லை. ஆனால் டைசனும் வாடகை கொடுக்க வேண்டியவர்தான்.

அந்தக் காத்திருப்புக்குக் கிடைத்தது ‘சவுண்டர்’. மார்ட்டின் ரிட் இயக்கியது, 1972. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் லூயிசியானாவில் பங்குக்கு உழுது பிழைக்கும் ஒரு கறுப்பினக் குடும்பம். நிலம் வெள்ளைக்காரருடையது, விளைச்சலில் பெரும்பங்கும் அவருக்கே. பிள்ளைகளின் பசி தாங்காமல் அப்பா ஓர் இறைச்சித் துண்டைத் திருட, போலீஸ் பிடித்துக் கைதிகள் முகாமுக்கு அனுப்பிவிடுகிறது. அம்மா ரெபெக்கா பிள்ளைகளை வைத்துக்கொண்டு அறுவடையை முடிக்கிறாள். டைசனுக்கு முதலில் கொடுக்க வந்தது கதையில் வரும் பள்ளி ஆசிரியை வேடம். நீங்கள் இளமையாக, அழகாக இருக்கிறீர்கள், ரெபெக்காவுக்குச் சரிவராது என்றார்கள். ரெபெக்கா என்றால் நடிக்கிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் படத்துக்கு மூலமான நாவலில் ஒரு விசித்திரம் உண்டு. அதில் பெயர் இருப்பது நாய்க்கு மட்டும்தான். சவுண்டர் என்பது அந்த நாயின் பெயர். மனிதர்கள் எல்லோரும் ‘அப்பா’, ‘அம்மா’, ‘பையன்’ என்றே வருவார்கள். திரைக்கதை எழுதிய லோன் எல்டர் என்ற கறுப்பின நாடகாசிரியர் அவர்களுக்குப் பெயர் வைத்தார். ரெபெக்கா, நேதன், டேவிட் லீ.

படத்தில் ஒரு காட்சியைச் சொல்லாமல் போக முடியாது. மாதங்கள் கழிந்துவிட்டன. வெயில். ரெபெக்கா வீட்டு வாசலில் வேலையாக இருக்கிறாள். நாய் குரைக்கிறது. தூரத்தில் மண்சாலையில் ஓர் உருவம், ஊன்றுகோலோடு நொண்டி நொண்டி வருகிறது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். நம்பிக்கை வந்தும் வராமல் இரண்டடி வைக்கிறாள். அப்புறம் ஓடுகிறாள். அழகாக ஓடவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், தடுமாறி, வாய் கோணி, கணவன் பெயரைக் கத்திக்கொண்டு ஓடுகிறாள். நடிகை தம் அழகை முழுசாக மறந்துவிட்டு ஓடும் ஓட்டம் அது. எதிரே வரும், கணவனாக நடிக்கும் பால் வின்ஃபீல்டும் அவளை நோக்கி வேகமாக நடக்கப் பார்த்து விழப்போகிறார். ஒரு கறுப்பினக் கணவனும் மனைவியும் இப்படி ஒருவரையொருவர் நோக்கிப் போவதை ஹாலிவுட் அதற்கு முன் காட்டியதே அரிது.

படத்தை விளம்பரப்படுத்த ஊர் ஊராகப் போனபோது வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் ஒருவர் அவரிடம் ஒன்று சொன்னார். அந்தப் பையன் தன் தகப்பனை ‘டாடி’ என்று கூப்பிடுவது எனக்கு உறுத்தியது, ஏனென்றால் என் மகனும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான் என்று. மனசாரத்தான் சொன்னார். தம்மிடம் இப்படி ஒரு பாரபட்சம் இருப்பதே படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்ற பொருளில். டைசன் இதைக் கடைசிவரை திரும்பத் திரும்பச் சொன்னார். வெறுமனே நடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் சௌகரியம் எனக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் முடிவுசெய்தாராம்.

அந்த வருஷம் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையில் இரண்டு கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள், டைசனும் டயானா ராஸும். இரண்டு பேர் ஒரே வருஷத்தில் வந்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன் அந்தப் பிரிவில் வந்த ஒரே கறுப்பின நடிகை டாரதி டான்ட்ரிட்ஜ். விருது என்னவோ ‘காபரே’ படத்துக்காக லைசா மினெல்லிக்குப் போனது. சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் இயக்குநர் டைலர் பெர்ரி ஒரு பேட்டியில், ‘சவுண்ட’ருக்கு டைசனுக்குக் கிடைத்தது 6,000 டாலர்தான் என்றார். அதை ஈடுகட்டத்தான் தம் படம் ஒன்றில் ஒரே ஒரு நாள் நடிப்புக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தாராம்.

அடுத்தது, என் கணக்கில் அவருடைய உச்சம். 1974 ஜனவரி 31 அன்று சிபிஎஸ்ஸில் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் படம் ‘தி ஆட்டோபயாக்ரஃபி ஆஃப் மிஸ் ஜேன் பிட்மன்’. மூலம், எர்னஸ்ட் ஜே. கெய்ன்ஸ் எழுதிய நாவல். அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரைப் பார்த்து, அறுபதுகளின் உரிமைப் போராட்டம்வரை வாழ்ந்துவிட்ட ஒரு கிழவி தன் கதையைச் சொல்கிறாள். பெயரில் ‘தன்வரலாறு’ என்று இருப்பதால் ஜேன் பிட்மன் உண்மையில் வாழ்ந்தவர் என்று நம்பியவர்கள் ஏராளம். இல்லை, முழுக்கக் கற்பனை. கெய்ன்ஸ் அதை ஆயுள் முழுக்க விளக்கிக்கொண்டே இருந்தார். ஆனால் பின்னால் ஓர் உண்மையான பெண்மணி உண்டு, கெய்ன்ஸை வளர்த்த அத்தை. நடக்க முடியாதவர். தரையில் தவழ்ந்தே சமைத்து, துவைத்து, பிள்ளைகளை வளர்த்தவர். வாழ்நாளில் ஒரு நாளும் நடக்காமலே எனக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தவர் என்ற பொருளில், நாவலை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

ஜேனின் இளம் வயதிலிருந்து 110 வயதுவரை டைசன் ஒருவரே நடித்தார். நிஜ வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, ஆனால் வெளியுலகம் அவரைப் பத்து வயது குறைவாகவே நினைத்திருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஏஜென்ட் சொல்லி வயதைக் குறைத்துக்கொண்டவர் அதைப் பல வருஷம் திருத்தவே இல்லை. கிழவி ஒப்பனையைச் செய்தவர்கள் ஸ்டான் வின்ஸ்டனும் ரிக் பேக்கரும். அப்போது இரண்டு பேருமே இளைஞர்கள், பிற்பாடு ஹாலிவுட் ஒப்பனையின் இரண்டு பெரிய பெயர்கள். ரப்பர் துண்டுகளை முகத்தில் ஒட்டி முடிக்கவே மணிக்கணக்கு ஆகும். ஆனால் ஒப்பனையால் மட்டும் நூற்றிப் பத்து வயது வராது. டைசன் முதியோர் இல்லங்களுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். கை எப்படி நடுங்குகிறது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு எங்கே நிற்கிறது, கேட்டது காதில் விழுந்து முகத்துக்கு வந்து சேர எத்தனை நேரம் எடுக்கிறது என்று.

கடைசிக் காட்சியில் நீதிமன்றத்தின் முன்னால் ஒரு குடிநீர்க் குழாய். வெள்ளையர்களுக்கு மட்டும் என்ற பலகை. ஜேன் வண்டியிலிருந்து இறங்கி, கைத்தடியோடு தனியாக அதை நோக்கி நடக்கிறாள். போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியவில்லை. அந்த நடையை இயக்குநர் வெட்டிச் சுருக்கவே இல்லை. ஒரு அடி, ஒரு மூச்சு, இன்னொரு அடி. குனிந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாள். திரும்பி அதே வேகத்தில் நடந்து வருகிறாள். வசனமே கிடையாது. நாவலில் இந்தக் காட்சி இல்லை, படத்துக்காக எழுதியது. நாவல் பிரியர்கள் சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் ஜேன் பிட்மன் என்றதும் ஊர் உலகத்துக்கு ஞாபகம் வருவது இந்த நடைதான்.

அந்தப் படத்துக்கு மொத்தம் ஒன்பது எம்மி. அதில் இரண்டு டைசனுக்கு. முதன்மை வேடத்துக்கு எம்மி வாங்கிய முதல் கறுப்பின நடிகை அவர்தான்.

அன்றைக்கு அதைப் பார்த்தவர்களின் வரிசையில் பின்னால் ஒரு பெயர் சேர்ந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற ஊரில், எலி ஓடும் வீட்டில், சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டு வளர்ந்த ஒரு சிறுமி தொலைக்காட்சியில் ஜேன் பிட்மனைப் பார்த்தாள். தன் அம்மாவைப் போலவே இருக்கும் ஒருத்தி அந்தப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துத்தான் நடிகையாக வேண்டும் என்று தோன்றியது என்று பின்னாளில் பலமுறை சொன்னாள். வயோலா டேவிஸ்.

எழுபதுகளின் மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1977இல், அடிமை வாழ்வைச் சொன்ன ‘ரூட்ஸ்’ தொடரில் நாயகன் குன்டா கின்டேயின் தாய் பின்டா. 1978இல் ‘கிங்’ தொடரில் கொரெட்டா ஸ்காட் கிங், மார்ட்டின் லூதர் கிங்காக மறுபடியும் பால் வின்ஃபீல்ட். அதே வருஷம் ‘எ வுமன் கால்ட் மோசஸ்’, அடிமைகளைத் தப்பவைத்த ஹேரியட் டப்மனாக. 1981இல் சிகாகோ பள்ளி ஆசிரியை மார்வா காலின்ஸாக. எல்லாமே போற்றத்தக்க பெண்கள். ஒரே சுருதியில் இத்தனை உத்தமிகளைப் பார்த்தால் கொஞ்சம் அலுப்புத் தட்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணியமான வேடம் மட்டும் என்ற விரதத்துக்கு அவர் கொடுத்த விலையில் இதுவும் ஒன்று. குறும்பு, கோபம், அசட்டுத்தனம், காமம் என்று நடிகைக்கு விளையாடக் கிடைக்கும் பல சங்கதிகள் அவருக்குக் குறைவாகவே கிடைத்தன.

எண்பதுகளில் அவர் அதிகம் தென்படாததற்கு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் ஒரு காரணம். ஜாஸ் கேட்பவர்களுக்கு டைசனின் முகம் வேறு வழியில் தெரிந்திருக்கும். 1967இல் வந்த மைல்ஸின் ‘சார்சரர்’ இசைத்தட்டு அட்டையில் இருப்பது டைசனின் முகம்தான். அறுபதுகளில் ஒருமுறை சேர்ந்து பிரிந்தார்கள். எழுபதுகளின் கடைசியில் மைல்ஸ் கொக்கெயினோடு வீட்டுக்குள் அடைந்து, டிரம்பெட்டைத் தொடாமல் கிடந்தபோது டைசன் திரும்பி வந்தார். 1981இல் கல்யாணம். கொஞ்ச நாளில் மைல்ஸுக்குப் பக்கவாதம் வந்து வலது கை மடங்காமல் போனது. டிரம்பெட் வாசிக்கிறவனுக்கு வலது கைதான் எல்லாம். டைசன் அவரை அக்குபங்சருக்கு அழைத்துப்போய், மூலிகை, காய்கறிச் சாப்பாடு என்று படுத்தி எடுத்து (அவர் சைவம்) மறுபடி வாசிக்கவைத்தார். மைல்ஸும் அதைத் தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் மற்ற பெண்கள், கோபம், கைநீட்டல் எதுவும் நிற்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் விவாகரத்து. 1991இல் மைல்ஸ் போய்விட்டார். திரையில் இவ்வளவு நிமிர்ந்து நின்றவர் வீட்டில் ஏன் இத்தனையைப் பொறுத்தார் என்று கேட்பவர்கள் உண்டு. அவருடைய தன்வரலாறு அதற்கு நியாயம் தேடவில்லை, காதலித்தேன் என்கிறது. இரண்டு பேரையும் அடக்கம் செய்திருப்பது பிராங்க்ஸில் உள்ள ஒரே கல்லறைத் தோட்டத்தில்.

நாம் அதிகம் பார்த்திருக்கக்கூடியவை அதற்குப் பிந்தையவைதான். ‘ஃப்ரைட் கிரீன் டொமேட்டோஸ்’ படத்தில் சமையல்காரி சிப்ஸி, மூன்றாவது எம்மி வாங்கிக் கொடுத்த 1994 குறுந்தொடர், 2011இல் ‘தி ஹெல்ப்’ படத்தில் வயதான வேலைக்காரி கான்ஸ்டன்டைன். வேலைக்காரி வேடமே வேண்டாம் என்றவர் கடைசியில் அதே வேடத்துக்கு வந்துசேர்ந்தாரே என்று கேட்கலாம். எனக்கும் அந்த நெருடல் உண்டு. இவை வெள்ளைக்காரர்களின் கதைகள், அவற்றில் டைசன் ஓரத்தில் நிற்கும் மனசாட்சி. ஆனால் ‘தி ஹெல்ப்’பில் வேலையைவிட்டு நிறுத்தப்படும் காட்சியில் கதவின் வலைக்குப் பின்னால் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். அவருடைய அம்மா ஆயுள் முழுக்க அடுத்தவர் வீட்டில் வேலை செய்தவர் என்பதை அந்த முகம் மறக்கவில்லை. வேடத்தைக் குறைசொல்லலாம், அந்த முகத்தைச் சொல்ல முடியாது.

கடைசிச் சுற்று யாரும் எதிர்பாராதது. 1985இல் ‘தி டிரிப் டு பவுன்டிஃபுல்’ படத்தில் ஜெரால்டின் பேஜ் நடித்ததைப் பார்த்துவிட்டு, எனக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஏஜென்டிடம் சொல்லிவைத்திருந்தார். இறப்பதற்கு முன் சொந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மகன் வீட்டிலிருந்து தப்பி ஓடும் கிழவியின் கதை. டெக்சாஸ் வெள்ளைக்காரிக்காக எழுதப்பட்ட வேடம். 2013இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் கறுப்பின நடிகர்களை வைத்து அதே நாடகம் வந்தது, நடுவில் டைசன். பேருந்து நிலையக் காட்சியில் அவர் ஒரு பழைய தேவாலயப் பாட்டைப் பாட ஆரம்பித்ததும், காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டமும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். பிராட்வேயில் அப்படிச் செய்வது வழக்கமில்லை. அரங்குக்காரர்களும் விட்டுவிட்டார்கள். 88 வயதில் டோனி. மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது, சீக்கிரம் முடியுங்கள் என்று எதிரே திரையில் காட்டினார்கள். ஆங்கிலத்தில் அதைச் சொல்லும் சொல்லுக்கே ‘போர்த்திவிடு’ என்றும் பொருள் உண்டு. முப்பது வருஷம் கழித்து இந்த மேடைக்குத் திரும்பி வந்தவளை நீங்கள் அப்படித்தான் போர்த்திக்கொண்டீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

2018 நவம்பரில் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதற்கு இரண்டரை மாதம் முன்னால் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் இறுதிச் சடங்கில் குடை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தொப்பியோடு வந்து கவிதை சொன்னார். அந்தத் தொப்பிப் படம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தன்வரலாறு 2021 ஜனவரி 26 அன்று வெளியானது. இரண்டே நாளில் உயிர் பிரிந்தது. கொரோனா காலம், பிப்ரவரிக் குளிர், ஆனாலும் ஹார்லெம் அபிசீனியன் தேவாலயத்துக்கு வெளியே அவரைப் பார்க்க ஜனம் வரிசையில் நின்றது.

எதைப் பார்க்கலாம் என்றால், முதலில் ‘சவுண்டர்’, அடுத்து ‘மிஸ் ஜேன் பிட்மன்’. இரண்டும் மெதுவாகப் போகும், அவசரப்படாதீர்கள். அப்புறம் நீங்கள் கேட்ட தொடருக்குத் திரும்புங்கள். முதல் சீசனில், 2015இல் வந்த பதின்மூன்றாவது எபிசோட். (பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.) அந்த எபிசோடுக்குச் சில மாதம் கழித்து, இதே தொடருக்காகத்தான் வயோலா டேவிஸ் நாடகத் தொடரின் முதன்மை நடிகைக்கான எம்மியை வாங்கினார், அந்தப் பிரிவில் முதல் கறுப்பினப் பெண்ணாக. பெரிய வக்கீல் அன்னலிஸ் கீட்டிங் உடைந்து படுக்கையில் கிடக்கிறாள். ஊரிலிருந்து அம்மா வருகிறாள். மகள் வைத்துக்கொண்ட நாகரிகப் பெயரைச் சட்டைசெய்யாமல், பிறந்தபோது வைத்த பேரைச் சொல்லி, அன்னா மே என்று கூப்பிடுகிறாள். கடைசியில் மகள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே சாய்ந்துகொள்கிறாள். தலையில் விக் இல்லை, நேராக்கிய முடி இல்லை. அம்மா சீப்பை எடுத்து, சிக்கைப் பிரித்து, சுருட்டை முடியை வகிடு வகிடாக வாரிக்கொண்டே, மகளைச் சின்ன வயதில் சீரழித்த மாமனை வீட்டோடு கொளுத்திய கதையை, ஊர்க்கதை சொல்கிற குரலில் சொல்கிறாள். கை ஒரு நொடியும் நிற்கவில்லை.